19 மாதம் மூடிக் கிடந்த பள்ளி, திறந்த மூன்றே நாளில் மறுபடி மூடியது ஏன்?

2021 நவம்பர் 1, திங்கட்கிழமை. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளி திறக்கிறார்கள். பத்தொன்பதரை மாதம் கழித்து! வாசலில் தோரணம், பலூன், கையில் பூ, வாயில் இனிப்பு. கல்யாண வீடு தோற்றது. திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் போனது. வியாழன் தீபாவளி. அதையொட்டி இரண்டு நாள் லீவு. சனிக்கிழமை ராத்திரி சென்னையில் மழை பிடித்தது பாருங்கள், ஞாயிறு காலை நுங்கம்பாக்கத்தில் மட்டும் 21 சென்டிமீட்டர். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அதுவரை அப்படியொரு மழை பெய்ததில்லை. திங்களும் செவ்வாயும் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் நான்கு மாவட்டத்துக்கும் பள்ளி விடுமுறை.

கொரோனாவுக்கு பயந்து பூட்டிய கதவை இந்தத் தடவை வடகிழக்குப் பருவமழை வந்து பூட்டியது.

சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் ஒரு விஷயம் யோசித்தீர்களா? ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் படிக்கிற அண்ணன்கள், அக்காக்களுக்கு செப்டம்பர் 1-லேயே திறந்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் மழைக்காலத்தில் ஒரு தேதி கிடைத்தது. இது ஏன் இப்படி? யார் முதலில், யார் கடைசியில் என்று யார் முடிவு செய்தது? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம். சேனலுக்குப் புதுசு என்றால் சப்ஸ்கிரைப் பண்ணிவிட்டு உட்காருங்கள், கொஞ்சம் நீளமான கதை.

(திரையில்: தேதிகள் வரிசையாக ஓடுகின்றன)

பழைய கதையை வேகமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். 2020 மார்ச் 17-ல் பள்ளிகளை மூடினார்கள், மார்ச் 31 வரைதான் என்றார்கள், எந்த வருஷத்து மார்ச் என்று நாம்தான் கேட்காமல் விட்டுவிட்டோம். அந்த நவம்பரில் திறக்கலாம் என்று அறிவித்து, பெற்றோரிடம் கருத்துக் கேட்டு, உடனே வாபஸ். 2021 ஜனவரி 19-ல் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் திறந்தார்கள். பிப்ரவரியில் ஒன்பதும் பதினொன்றும். மார்ச்சில் மறுபடி மூடல், அப்புறம் இரண்டாவது அலை. மே 21 அன்று ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்குத் தொற்று. அந்த மே மாதத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை, நீங்களும் இருந்தீர்கள். செப்டம்பரில் பெரியவர்கள், நவம்பரில் சின்னவர்கள். 2022 ஜனவரியில் ஒமிக்ரான், மறுபடி மூடி பிப்ரவரி 1-ல் திறப்பு. எல்.கே.ஜி., யு.கே.ஜி., பிளே ஸ்கூல்? 2022 பிப்ரவரி 16. ஆமாம், கிட்டத்தட்ட இரண்டு வருஷம்.

இப்போது என்னோடு டென்மார்க் வாருங்கள். விசா வேண்டாம்.

டென்மார்க்கும் பள்ளிகளை மூடியது 2020 மார்ச் 16-ல்தான். நமக்கும் அவர்களுக்கும் ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம். ஆனால் அவர்கள் திறந்தது எப்போது தெரியுமா? 2020 ஏப்ரல் 15. அதே வருஷம்தான், நான் தப்பாகச் சொல்லவில்லை. இங்கே முதல் ஊரடங்கு மே 3 வரை நீள்கிறது என்று நாம் டிவியில் பார்த்த மறுநாளே, அங்கே பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தாயிற்று. ஐரோப்பாவிலேயே முதலில் திறந்தவர்கள் அவர்கள்தான்.

யாருக்குத் திறந்தார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. முதலில் குழந்தைகள் காப்பகம், மழலையர் வகுப்பு, அப்புறம் ஐந்தாம் வகுப்பு வரை. மேல்நிலையில் கடைசி வருஷ மாணவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கிறவர்களை மே 18 வரைக்கும் வீட்டிலேயே இரு என்று விட்டுவிட்டார்கள். நாம் செய்ததைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் கிட்டத்தட்ட டென்மார்க்!

அவர்கள் கணக்கு இதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த நோய் அவ்வளவு கடுமையாக வருவதில்லை. ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்து தானாகப் படிக்கத் தெரியாததும் அவர்களுக்குத்தான். அப்புறம் முக்கியமான விஷயம், ஐந்து வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் அம்மாவோ அப்பாவோ வேலைக்குப் போக முடியாது. பதினாறு வயதுப் பையன் தோசையாவது சுட்டுக்கொள்வான் (கருகினாலும் சாப்பிட்டுவிடுவான்).

எப்படித் திறந்தார்கள்? மேஜைகளுக்கு நடுவே இரண்டு மீட்டர் இடைவெளி. ஒரு குழு இன்னொரு குழுவோடு கலக்கக் கூடாது, விளையாட்டு நேரத்திலும். அடிக்கடி கை கழுவ வேண்டும். முடிந்த மட்டும் பாடத்தை வெளியே, திறந்தவெளியில் நடத்த வேண்டும். அங்கேயும் பெற்றோர் எல்லாரும் கைதட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். ‘என் பிள்ளை சோதனை எலி இல்லை’ என்று ஃபேஸ்புக்கில் குழு ஆரம்பித்து ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

‘ஏம்ப்பா, டென்மார்க் ஜனத்தொகை 58 லட்சம், அதைச் சென்னையோடு ஒப்பிட்டுக்கொண்டு’ என்று கமெண்ட் டைப் பண்ண ஆரம்பித்திருப்பீர்கள். நியாயம். நம் வகுப்பறையில் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டால் பாதிப் பேர் மைதானத்தில்தான் உட்கார வேண்டும். ஆனால் இதையே நம்ம ஊர்க்காரர்களும் சொன்னார்கள். 2021 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) அப்போதைய தலைவர் பல்ராம் பார்கவா, திறப்பதாக இருந்தால் முதலில் தொடக்கப் பள்ளிகளைத் திறக்கலாம், சின்னக் குழந்தைகள் இந்த வைரஸை நன்றாகவே சமாளிக்கிறார்கள், ஸ்காண்டிநேவிய நாடுகளில் தொடக்கப் பள்ளிகளை மூடவே இல்லை என்றார். டென்மார்க் மூடியதே என்று கேட்பீர்கள். மூடியதுதான், ஆனால் ஒரு மாதத்தில் திறந்துவிட்டது. அதே சமயம் வந்த நான்காவது தேசிய ரத்தப் பரிசோதனை ஆய்வில், ஆறிலிருந்து ஒன்பது வயதுக் குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருந்தது. அதாவது பள்ளிக்கூடம் போகாமலேயே, பத்திரமாக வீட்டுக்குள் இருந்தபடியே, பாதிக்கு மேல் பிள்ளைகளுக்குத் தொற்று வந்து போய்விட்டது. இந்த எண்ணைப் பார்த்ததும் வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

அப்புறமும் ஏன் பெரிய வகுப்புகளுக்கு முதலிடம்? ஒரே பதில்தான், பொதுத் தேர்வு. நம் வீட்டுப் பந்தியில் சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும்தான் முதலில் உட்கார வைப்போம். பள்ளித் திறப்பில் மட்டும் மார்க் ஷீட் வைத்திருந்தவர்களுக்கு முதல் பந்தி, ஒன்றாம் வகுப்புக்குக் கடைசிப் பந்தி, எல்.கே.ஜி. குழந்தைக்கு அப்போது இலையே போடவில்லை. இரண்டாவது அலையைப் பார்த்த எந்த அரசும் பயப்படத்தான் செய்யும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். வரிசையைத்தான் சொல்கிறேன்.

சரி, பாதுகாப்பாகத் திறக்க அரசு என்னென்ன செய்தது? நெற்றிக்கு நேரே நீட்டுகிற தெர்மல் ஸ்கேனர், வகுப்புக்கு இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடு, 2021 ஜனவரியில் வைட்டமின் மாத்திரையும் துத்தநாக மாத்திரையும், ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி, 2022 ஜனவரி 3 முதல் 15 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கும் தடுப்பூசி. பஸ் பாஸ் இல்லாவிட்டாலும் யூனிஃபார்ம் போட்டிருந்தால் டிக்கெட் வேண்டாம் என்றார்கள், அது நல்ல முடிவு. அந்த ஸ்கேனர் விஷயத்தில் மட்டும் எனக்குக் கருத்து உண்டு. வெயிலில் நடந்து வந்த பிள்ளையின் நெற்றிக்கு நேரே வைத்து 34 டிகிரி காட்டினால், அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை என்று அர்த்தம் இல்லை, ஸ்கேனருக்குத்தான் உடம்பு சரியில்லை.

இப்போது யாரும் பேசாத ஒரு உதவி. அரிசி.

பள்ளி மூடினால் பாடம் மட்டும் நிற்பதில்லை, சத்துணவும் நின்றுவிடும். 2020-ல் அரசு உலர் உணவுப் பொருளாகக் கொடுத்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 3 கிலோ 100 கிராம் அரிசி, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 4 கிலோ 650 கிராம். இது என்ன நூதனமான எண் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சத்துணவு விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம், பெரிய பிள்ளைக்கு 150 கிராம் அரிசி. இரண்டையும் 31-ஆல் பெருக்குங்கள். கச்சிதமாக வருகிறது! தட்டில் விழ வேண்டிய சோறு, கிராம் குறையாமல் பையில் வந்திருக்கிறது. அதிகாரி யாரோ கால்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு ஒரு லைக்.

முட்டைக் கதைதான் அவ்வளவு கச்சிதமில்லை. வழக்கமாக வாரத்துக்கு ஐந்து முட்டை. பள்ளி மூடியதும் முட்டை நின்றது, சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் மாதத்துக்குப் பத்து முட்டை கிடைத்தது. பாதி. அதோடு, வீட்டுக்குப் போன அரிசி வீட்டு அரிசி ஆகிவிடும், அந்தப் பிள்ளையின் தட்டுக்கு மட்டும் போகாது. நாலு பேர் இருக்கிற வீட்டில் வேறு எப்படி நடக்கும்?

குழந்தைகள் பராமரிப்புக்கு வருகிறேன், இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், ஏனென்றால் நடந்ததே கொஞ்சம்தான். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடி மையங்கள் உண்டு. 2021 செப்டம்பரில் திறந்தபோது சூடான சாப்பாட்டுக்காகத்தான் திறந்தார்கள். சித்தாள் வேலைக்கோ மில்லுக்கோ போகிற அம்மாவுக்கு அது பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற இடம். அது இல்லையென்றால் மூத்த பெண் பிள்ளை வீட்டில் நிற்க வேண்டியதுதான்.

இனி எனக்குப் பிடித்த விஷயம். இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டத்தில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார், 200 கோடி ரூபாய்த் திட்டம். சாயங்காலம் ஐந்து முதல் ஏழு மணிக்குள் ஒன்றரை மணி நேரம் வகுப்பு, தன்னார்வலர் ஒருவருக்குச் சுமார் இருபது பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்கலாம், டிகிரி என்றால் எட்டு வரை. புதிய கல்விக் கொள்கையைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவருகிறார்கள் என்று கூட்டணிக்குள்ளேயே சண்டை வந்தது, அது தனி வீடியோ.

இடத்தைக் கவனியுங்கள். திண்ணை, மரத்தடி, சமுதாயக்கூடம். வட்டமாக இருபது பிள்ளைகள், நாலு பக்கமும் காற்று, ஒன்றரை மணி நேரத்தில் கலைந்துவிடுவார்கள். டென்மார்க் கஷ்டப்பட்டு உருவாக்கிய அதே ஏற்பாடு, சின்னக் குழு, திறந்தவெளி, குறைந்த நேரம்! தொற்றுத் தடுப்புக்காக இதை யோசித்தார்களோ இல்லையோ, ஸ்கேனர் வைத்த எந்த வகுப்பறையை விடவும் இதுதான் பாதுகாப்பு என்பேன். சொல்லிக்கொடுப்பது அதே தெருப் பெண். இன்றைக்கு ஏன் வரவில்லை என்று வீட்டுக்கே போய்க் கேட்பாள், கேட்டுவிட்டுக் கையோடு கூட்டிக்கொண்டும் வருவாள்.

வேலை செய்ததா? செய்தது, அதற்குக் கணக்கு இருக்கிறது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் 220 கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளை ஆய்வு செய்தார்கள். அதிர்ஷ்டவசமாக 2019-லேயே ஒரு தடவை அளந்து வைத்திருந்தார்கள், அதனால் ஒப்பிட முடிந்தது. 2021 டிசம்பரில் பார்த்தால் அதே வயதுப் பிள்ளைகள் நிறையப் பின்தங்கியிருந்தார்கள், தமிழை விடக் கணக்கில் அடி இரண்டு மடங்கு. ஆனால் ஆறே மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அப்படித் திரும்பியதில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. ஏறக்குறைய கால் பங்கு, திண்ணையில் உட்கார்ந்து!

அந்தத் தன்னார்வலருக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். ஒரு நாளைக்கு 33 ரூபாய், ஒரு டீ, ஒரு வடை, மீதிச் சில்லறை. ஊக்கத்தொகை என்று பெயர் வைத்துவிட்டால் கூலி என்று யாரும் கேட்க மாட்டார்கள் போல. அமைச்சர் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், ஐயா, இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

கடைசியாக ஒன்று. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை, வகுப்பறைக்குள் முதல் தடவை காலை வைக்கும்போது இரண்டாம் வகுப்பு. எழுத்தே கற்காமல் இரண்டாம் வகுப்பு. 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ என்று அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுக்கொடுக்கிற திட்டத்தைத் தொடங்கினார்களே, அப்போது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தது சரியாக அதே பிள்ளைதான். உங்கள் வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருந்தால், வாசிப்பும் கணக்கும் இப்போது எப்படி இருக்கிறது என்று கமெண்ட்டில் எழுதுங்கள். இல்லம் தேடிக் கல்வி மையம் நடத்தியவர்கள் யாராவது பார்த்தால் அவசியம் எழுதுங்கள், அதைத்தான் பின் பண்ணி மேலே வைப்பேன்.