முட்டைக் கணக்கும் 'செய்யலாம்' என்ற சொல்லும்
(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் என்னைக் கல்வியாளர் என்று அறிமுகம் செய்தார். அவ்வளவு பெரிய ஆள் இல்லை நான். அங்கன்வாடிகளைச் சுற்றிப் பார்க்கும் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள், எனக்கும் அதுதான் வாயில் வருகிறது.

மையத்துக்குள் நுழைந்ததும் பதிவேடுகளைத்தான் கேட்பேன். வருகை, எடை, தடுப்பூசி, உணவு இருப்பு. அரிசியை அளப்பேன், முட்டையை எண்ணுவேன். ஒருநாள் ஒரு மையத்தில் இரண்டு முட்டை குறைந்தது. டீச்சரை அரை மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டேன். கடைசியில் ஆயா அடுப்படியிலிருந்து வந்து, காலையில் அட்டை சரிந்து உடைந்ததைச் சொல்லி, குப்பையில் கிடந்த ஓட்டைப் பொறுக்கிவந்து காட்டினார். அந்த நேரம் முழுக்கப் பதினெட்டுப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு என்ன பாட்டு, என்ன கதை என்று நான் கேட்கவே இல்லை. 'முன்பருவக் கல்வி: நடைபெறுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் பிடித்தேன். அந்த முட்டை ஓடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதன் ஆறு சேவைகளில், பள்ளி வயதுக்கு முன் பிள்ளைகளுக்குத் தரும் முன்பருவக் கல்வியும் ஒன்று. ஆறில் ஒன்றாக எழுதிவைத்தார்களே தவிர, ஆய்வுக்கு வருகிற எங்கள் கண்ணெல்லாம் சோற்றிலும் எடையிலும்தான். தப்பென்று சொல்லவில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தபோது பால்வாடிப் பிள்ளைகளும் அதில் சேர்ந்தார்கள். வயிறு நிறைந்த பிறகுதானே மற்றது. தமிழ்நாட்டில் இன்றைக்கு இருக்கும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களும் அந்த அடித்தளத்தில் நிற்பவைதான்.

சரி, பணத்துக்கு வருவோம். பொதுவாக மத்திய அரசு 60, மாநிலம் 40. ஊட்டச்சத்துச் செலவு மட்டும் பாதிக்குப் பாதி. 2017-ல் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய் என்று உயர்த்தினார்கள். அதில் ஒரு முட்டை வாங்கினால் மிச்சத்துக்கு என்ன வரும் என்று கடைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். நாம் டீச்சர் என்று சொல்லும் பணியாளருக்கு மத்தியத் திட்டக் கணக்கில் மாதம் 4,500 ரூபாய், அதுவும் 2018 அக்டோபர் உயர்வுக்குப் பிறகு. அதற்குப் பெயர் சம்பளம் இல்லை, மதிப்பூதியம். இங்கே மாநில அரசு அதற்கு மேல் போட்டுச் சிறப்புக் காலமுறை ஊதியம் தருவதால் நம் டீச்சர்கள் பாடு பரவாயில்லை.

கையில் காசு ஏன் இவ்வளவு இறுக்கம்? சட்டத்தைப் படித்தால் தெரியும். 2002-ல் அரசியலமைப்பின் 45-வது பிரிவைத் திருத்தினார்கள். ஆறு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வியும் பராமரிப்பும் தர அரசு முயல வேண்டும் என்றார்கள். 'முயல'. அடுத்து 2009 கல்வி உரிமைச் சட்டம், 11-வது பிரிவு: மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவச முன்பருவக் கல்விக்கான ஏற்பாடுகளை அரசு 'செய்யலாம்'. செய்யலாம் என்றால் செய்யாமலும் விடலாம். அதே சட்டத்தின் 12-வது பிரிவைப் பாருங்கள். தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. இருந்தால் அங்கும் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு, அதற்கான கட்டணத்தை அரசு ஈடுகட்ட வேண்டும். அங்கே 'வேண்டும்', பால்வாடிக்கு 'லாம்'. அந்த 'வேண்டும்' கூட 2025-ல் மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் சிக்கி, கோடையில் முடிய வேண்டிய சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது தனிக்கதை.

2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-ல் மூடுகிறோம் என்றார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் தொடரும் என்றார்கள். 'லாம்' என்ற சொல் நடைமுறையில் இப்படித்தான் ஆடும்.

அதே 2022 ஏப்ரலில் ஒரு நல்லது நடந்தது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம், அதாவது வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாக ஒரு தொகை தரச் சொல்லும் சட்டம், பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே நடப்பது கல்விப் பணி என்பதும் அதற்கு ஒரு காரணம். நான் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதிக் கடந்துபோனதை நீதிபதிகள் நின்று பார்த்திருக்கிறார்கள்.

கண்காணிப்பு இப்போது போனுக்குள் வந்துவிட்டது. 2021-லிருந்து மையத்தின் விவரங்களை டீச்சர் போனில் பதிவது போஷன் டிராக்கர் என்ற மத்திய அரசுச் செயலியில். வீட்டுக்குச் சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தையும் படம் பிடித்து ஆள் சரிதானா என்று அது பார்க்கிறது. சிக்னல் தேடி டீச்சர் வாசலுக்கு ஓடும்போது பிள்ளைகளோடு இருப்பது ஆயா மட்டும்தான். நான் கேள்வி கேட்டு வீணடித்த அரை மணி நேரத்தை இனி செயலி எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை போட்டது. கிராமமோ குடிசைப் பகுதியோ, ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து அங்கன்வாடி இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும். இதில் 'லாம்' கிடையாது. உங்கள் பகுதியில் அப்படி இருந்தால் பிள்ளைகளின் பெயர், வயதை எழுதி எடுத்துவாருங்கள். வெள்ளைத்தாள் ஒரு கட்டு கொண்டுவந்திருக்கிறேன். டீ குடித்துவிட்டு அந்தக் கடைசி மேசையில் உட்காருவோம்.