அரங்கேற்றத்துக்குப் பிறகும் அடவுதான்

அவையோருக்கும் முன்வரிசையில் இருக்கும் நாட்டிய மாணவர்களுக்கும் வணக்கம்.

தஞ்சை நால்வர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் ஒழுங்குபடுத்தித் தந்த பரதநாட்டியக் கச்சேரி வரிசையான மார்க்கத்தை, அலாரிப்பு தொடங்கித் தில்லானா வரை, ஒருமுறை முழுதாக ஆடியதும் அரங்கேற்றம் ஆகிவிடுகிறது. அந்த உருப்படிகளை மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்திருப்பீர்கள். தொழிலாக ஆடத் தொடங்கினால் அந்த அவகாசம் கிடைக்காது. புது உருப்படியைச் சில வாரங்களில் பாடமாக்கி, பழக்கமில்லாத மேடையில், அன்று காலை ஒரே ஒரு ஒத்திகை பார்த்த பக்கவாத்தியத்தோடு ஆட வேண்டிவரும். அப்போது கைகொடுப்பது அடவு, கையும் காலும் சேர்ந்த அடிப்படை ஆடல் அசைவு. அதனால்தான், மார்க்கத்தின் நீண்ட உருப்படியான வர்ணம் எத்தனை பாடம் என்று கேட்கும் பழக்கத்தை விடுங்கள் என்கிறேன். காலை நீட்டி ஆடும் நாட்டடவு மூன்றாம் காலத்தில், அதாவது மிக விரைவான வேகத்தில், நிற்கிறதா என்று கேளுங்கள்.

முதலில் அரைமண்டி, முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை. முழங்கால் பக்கவாட்டில் திறக்க வேண்டும். அந்தத் திறப்பு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு எவ்வளவு திறக்கும் என்பது எலும்பின் அமைப்பைப் பொறுத்தது, ஆளுக்கு ஆள் மாறும். இதை மறந்து பாதங்களை மட்டும் ஒரே கோட்டில் திருப்பி வைத்தால், தொடை ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமும் பார்க்கும். நடுவில் முறுக்குப்படுவது முழங்கால். சோதிப்பது எளிது. அரைமண்டியில் உட்கார்ந்து கீழே பாருங்கள். முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும். உள்ளே சரிந்திருந்தால் பாதத்தின் திருப்பத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அகலம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. உட்காரும்போது பின்புறம் தள்ளி இடுப்பு வளைந்தால் கீழ்முதுகு வலிக்கும். ஆழமாக உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றினாலும் அது அரைமண்டி ஆகாது.

அடுத்தது காலம், அதாவது வேகம். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவை ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, முதற்காலத்தில் 8 தட்டு, இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32 என்று பழகுகிறோம். தாளம் நகரக் கூடாது, தட்டு மட்டும் இரட்டிக்க வேண்டும். பெரும்பாலோரிடம் மூன்றாம் காலத்தில் மூன்று பிழைகள் சேர்ந்தே வரும். உடம்பு மெல்ல எழும்பும், முழங்கை தொங்கும், பாதம் முழுதாகப் படியாமல் ஓசை மெலியும். மூன்றுக்கும் வேர் ஒன்றே: காலைத் தேவைக்கு மேல் உயர்த்துவது. வேகம் கூடக்கூடத் தூக்கும் உயரம் குறைய வேண்டும், அரைமண்டி குறையக் கூடாது. நாட்டடவில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு காலை நீட்டிக் குதிகாலை ஊன்றும்போது மறு முழங்கால் நிமிர்ந்துவிடும். நீட்டிய நிலையில் நான்கு எண்ணிக்கை நின்று பழகினால் இது தானே சரியாகும். கண்ணாடி முன்னால் மட்டும் பழகாதீர்கள். கை போகும் திசைக்குப் போக வேண்டிய கண் கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

வர்ணத்தில்தான் உண்மை வெளிப்படும். அரை மணி நேரத்துக்கு மேல் போகும் உருப்படி. தொடக்கத்தில் மூன்று காலத்திலும் ஆடும் திரிகாலத் தீர்மானம், பிறகு தாளச் சொற்களுக்கு ஆடும் ஜதியும் பாட்டு வரியும் மாறி மாறி, முதற்பகுதியை முடிக்கும் முக்தாயி ஸ்வரம், பின்பகுதியான சரணம், அதன் எத்துக்கடை ஸ்வரங்கள் என்று ஏறிக்கொண்டே போகும். சரணத்துக்கு வரும்போது தொடை தளர்ந்திருக்கும், ஸ்வரங்களோ அங்கேதான் துரிதப்படும். ஆகவே எப்போதும் பல்லவியிலிருந்தே ஒத்திகையைத் தொடங்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் அடவுகளை மூன்று காலத்திலும் ஆடி முடித்து, களைத்த உடம்போடு நேராகச் சரணத்தை எடுங்கள். எந்த இடத்தில் அரைமண்டி உடைகிறது என்று தெரியும். மறுநாள் பாடம் அந்த இடம்தான்.

ஒலிப்பதிவை வைத்தே பழகுவது பெரிய கேடு. பதிவில் வரி இத்தனை முறைதான் வரும் என்று உடம்பு மனப்பாடம் செய்துவிடும். மேடையில் பாடுகிறவர் அதே வரியை வேறு விதமாக ஒரு சங்கதி கூடுதலாகப் பாடினால் கை நின்றுபோகும். வரியின் பொருளை அபிநயத்தில் விரிக்கும் சஞ்சாரியை எங்கிருந்து விரித்தாலும், வரி தொடங்கும் இடமான எடுப்புக்குச் சரியாக வந்து சேரத் தெரிய வேண்டும். இதற்கு, தாளம் போட்டுச் சொற்கட்டு எனும் தாளச் சொற்களைச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் கற்பது மிகவும் உதவும். உட்கார்ந்து தாளத்தைக் கையில் பிடித்து, சொற்கட்டைச் சத்தமாகச் சொல்லி, தாளக் கணக்காக அமைந்த ஒரு கோர்வையைத் தாளத்தின் தொடக்கமான சமத்தில் முடித்துப் பாருங்கள். வாயில் வராத கணக்கு காலிலும் வராது.

கடைசியாக, தரை. சிமென்ட், கிரானைட் தரையில் ஓங்கித் தட்டினால் அதிர்ச்சி முழுவதும் கணுக்காலுக்கும், முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்புக்கும் திரும்பும். கீழே சிறு வெற்றிடம் விட்டு அமைத்த மரத்தளம் நல்லது. அது கிடைக்காத இடத்தில் துரிதகாலப் பயிற்சியின் நேரத்தைக் குறையுங்கள். விடுமுறை கழித்து வந்தால் முதல் வாரமே பழைய அளவுக்குத் தாவாதீர்கள். தசை வலி இரண்டு மூன்று நாளில் அடங்கும். முன்னெலும்பில் ஒரே புள்ளியில், தொட்டாலே வலித்து, காலையில் எழுந்து நடக்கும்போதும் வலி தொடர்ந்தால் அது எலும்பில் விழுந்த நுண்ணிய விரிசலாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு ஆடாதீர்கள். தட்டுவதை அன்றே நிறுத்தி, எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அந்த நாட்களில் அபிநயமும் நட்டுவாங்கமும் உட்கார்ந்தபடியே நடக்கட்டும்.