மின்சார விமான இழுவை வண்டியின் பற்றறி ஏன் விரைவில் சோர்கிறது?

தெல்லிப்பழையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: விமானங்களை இழுக்கும் மின்சார வண்டிக்கு ஒவ்வோர் இரவும் தவறாமல் மின்னேற்றியும், இரண்டு ஆண்டுகளுக்குள் அது அரைநாள் வேலைக்குக்கூடத் தாக்குப்பிடிப்பதில்லையே, பற்றறி தரமற்றதா என்று. பற்றறியைக் குறை சொல்லும் முன், அதற்குத் தண்ணீர் விடும் முறையைப் பாருங்கள், தம்பி.

இவ்வகை வண்டிகள் பலவற்றில் இருப்பது 80 வோல்ற் ஈய அமிலப் பற்றறி. அதாவது 2 வோல்ற் கலங்கள் 40 தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மின்னேற்றத்தின் இறுதிக் கட்டத்தில் நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து வெளியேறுவதால் மட்டம் இறங்கும். கலத்தினுள் இருக்கும் ஈயத் தகடு திரவத்துக்கு வெளியே தெரிந்தால் அந்தப் பகுதி காய்ந்து கெட்டுவிடும். அதற்குப் பயந்து மின்னேற்றும் முன்பே விளிம்புவரை நிரப்பினால், மின்னேறும்போது திரவம் பொங்கி, அமிலம் மூடிவழியே வழிந்துவிடும். வழிந்த அமிலத்தின் இடத்தை மறுநாள் வெறும் தண்ணீர் பிடிக்க, கலம் நாளுக்கு நாள் வலுவிழக்கும். ஆகவே தகடு தெரிந்தால் அது மறையுமளவுக்கு மட்டும் முன்பு விட்டு, மிகுதியை மின்னேற்றம் முடிந்தபின் விடுங்கள்.

விடுவது காய்ச்சி வடித்த நீராகவே இருக்கவேண்டும். நமது யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வடிகட்டிக் கொதிக்கவைத்தாலும் அதிலுள்ள குளோரைட்டு நீங்காது, அது தகட்டை அரிக்கும்.

மாதமொருமுறை, முழுமையாக மின்னேற்றி ஆறவிட்டபின், எல்லாக் கலங்களையும், அமிலத்தின் அடர்த்தியை நீரோடு ஒப்பிட்டுக் காட்டும் நீரடர்த்திமானியால் அளந்து எழுதிவையுங்கள். நல்ல கலம் ஏறத்தாழ 1.28 காட்டும். ஒன்று மட்டும் 1.22 இல் நின்றால் பழுது அந்தக் கலத்தில். எல்லாமே ஒருசேரக் குறைந்திருந்தால் மின்னேற்றம் போதவில்லை, அல்லது அமிலம் வழிந்திருக்கிறது. இந்தப் பதிவேட்டைப் பார்க்காமல் புதிய பற்றறிக்குப் பணம் ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

பலாலி விமான நிலையம் போலக் கடற்காற்று படும் இடத்தில் முனைகளும் இணைப்புகளும் விரைவில் பூக்கும். அப்பச்சோடாக் கரைசலால் கழுவி, உலர்த்தி, வசலின் பூசுங்கள். ஒரு துளி கரைசலும் கலத்தினுள் போகாதபடி மூடிகளை இறுக்கிக்கொள்வது அவசியம்.

இலிதியத்துக்கு மாறினால் தண்ணீர் வேலை இல்லை என்பது உண்மை. ஆனால் இழுவை வண்டிக்கு ஈயப் பற்றறியின் பாரமே சில்லுகளின் பிடிமானம். அந்தப் பாரத்தை இரும்பால் ஈடுசெய்யாவிட்டால் மாரிகாலத்து ஈரத்தரையில் சில்லு வழுக்கும். பின்னால் விமானம் இருக்கையில் பிரேக் பிடித்தும் வண்டி நிற்காது. எனவே தயாரிப்பாளரிடம் எடைக்கணக்கை எழுத்தில் பெற்றபின்பே மாற்றுங்கள்.