ஓடைக்கரை உசிலையும் மேட்டு உசிலையும்

நேயர்களுக்கு வணக்கம். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சரளை மேட்டில் நிற்கிற உசிலை வளர்ந்தது போதும் என்று நின்றுவிட்ட மாதிரி இருக்கும், கீழே ஓடைக்கரையில் அதே உசிலையை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். வனத்துறையில் சேர்ந்த புதிதில் நான் ஓடைக்கரை மரத்துக்கு வயது அதிகம் என்று நோட்டில் எழுதிவிட்டேன். கூட வந்த வாட்சர் அண்ணன் சிரித்தார். "ரெண்டும் ஒரே கூப்புல வெட்டினதுங்க சார், ஒரே மழைக்குத்தான் கட்டையிலிருந்து துளிர்த்துச்சு" என்றார். கூப்பு என்றால் மரம் வெட்டுவதற்கென்று பிரித்த காட்டுப் பகுதி. நோட்டை அடித்துத் திருத்தினேன்.

மேட்டில் ஒரு சாண் மண், அதற்குக் கீழே பாறை. பெய்த மழை நிற்காமல் ஓடிவிடும், தை மாசியிலேயே இலை கொட்டிவிடும், இலை இல்லாத மரம் காற்றிலிருந்து கரியை, அதாவது கார்பனை, எப்படி எடுக்கும்? ஓடைக்கரையில் மண் ஆழம், ஈரம் இருக்கிறது, இலை இன்னும் சில வாரம் கூடுதலாக வேலை செய்கிறது. வருஷத்துக்குச் சில வாரம்தான், ஆனால் முப்பது நாற்பது வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்கள். அதனால்தான் வனத்துறையில் மரத்தின் வயதை மட்டும் கேட்க மாட்டார்கள், அந்த வயதில் உயரம் எவ்வளவு என்றும் கேட்பார்கள். இடத்தின் தரத்தை அந்த உயரம் சொல்லிவிடும்.

சரி, வயதுக்கு வருவோம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்தவர்களுக்கு இது புரியும். கன்று சிறிதாக இருக்கும்வரை நடுவில் வெயில் விழும், ஊடுபயிர் போடலாம், கிளையோடு கிளை சேர்ந்து தோப்பு கூடிவிட்டால் நிழல்தான். காடும் அப்படித்தான். கூடுகிற சமயத்தில்தான் ஏக்கருக்கு வளர்ச்சி உச்சத்தில் இருக்கும், அப்புறம் மெல்லக் குறையும். இலைப்பரப்பு அதற்கு மேல் பெருகாது, உயரம் கூடக்கூட நுனிக்குத் தண்ணீர் ஏற்றுவது சிரமம், மண்ணின் சத்து மரத்துக்குள்ளேயே தங்கிவிடும், இடையில் சில மரங்கள் செத்தும் போகும். இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம்தான்.

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். வளர்ச்சி குறைந்துவிட்டதே, கிழட்டுக் காட்டை வெட்டிவிட்டுப் புதுக்கன்று வைத்தால் கரி அதிகம் பிடிக்குமே என்பார்கள். ஒகேனக்கல்லுக்கு வரத்து குறைந்துவிட்டது என்று பேப்பரில் படித்தால் மேட்டூர் அணையைத் திறந்து காலி செய்துவிடுவோமா? வரத்து வேறு, இருப்பு வேறு. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரி. அந்தக் கரி ஒரு கிலோ எரிந்தால் 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மேலே போகும். தைலமரத்தை நட்டு ஐந்தாறு வருஷத்தில் வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பினால் வரத்து பிரமாதம், இருப்புதான் நிற்காது. தைலமரம் போட்ட விவசாயியை நான் குறை சொல்லவில்லை, அவருக்குக் காசு வேண்டும்.

இன்னொன்று, காட்டின் வளர்ச்சி குறைகிறது என்றால் பெரிய மரம் ஒவ்வொன்றும் வளர்வதை நிறுத்திவிட்டது என்று அர்த்தமில்லை. 2014இல் வந்த ஓர் ஆய்வில் 403 வகை மரங்களைப் பார்த்தார்கள், பெரும்பாலானவற்றில் மரம் பெருக்கப் பெருக்க ஒரு வருஷத்தில் அது சேர்க்கிற எடையும் கூடியது. நீங்களே கணக்குப் போடலாம். 50 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரம் 1 சென்டிமீட்டர் பெருத்தால் அதன் குறுக்குவெட்டில் 8 சதுர சென்டிமீட்டர் கூடும். 150 சென்டிமீட்டர் மரம் அதே 1 சென்டிமீட்டர் பெருத்தால் 24.

அப்படியானால் மேட்டு உசிலை எதற்கும் உதவாதா என்று கேட்காதீர்கள். வறண்ட இடத்து மரம் வேருக்கு நிறையச் செலவழிக்கும், மண்ணுக்குள்ளும் கரி இருக்கிறது. மெதுவாக வளர்கிற ஆச்சா மாதிரி மரங்களின் கட்டை கனமோ கனம். அந்த மேட்டில் ஜேசிபி விட்டுக் குழியெடுத்து ஓடைக்கரைக்கான நாற்றை நட்டால் இருந்த மண்கரியும் கிளம்பிவிடும், நாற்றும் சித்திரையைத் தாண்டாது. அப்படி நட்ட ஒரு மேட்டை இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தேன். குழிகள் வரிசையாக இருந்தன, பக்கத்தில் வெட்டிப்போட்ட உசிலைக் கட்டை தானாகத் துளிர்த்து இடுப்புயரம் நின்றது.