திண்ணைதான் வளர்க்கிறது

நடுவர் அவர்களே, மேலப்பாளையத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, அஸ்ஸலாமு அலைக்கும்.

கல்லூரி மாணவரிடம் நற்குணத்தை வளர்ப்பது பாடத்தாளா, வளாகப் பள்ளிவாசலில் மூத்த மாணவர் காட்டும் வழியா? பாடத்தாள்தான் என்று எதிரணித் தங்கை அடித்துப் பேசினார். மதிப்புக் கல்விக்குத் தாள் இருக்கிறது, தேர்வு இருக்கிறது என்றார். சரி, இருக்கிறது. அந்தத் தேர்வில் 'நேர்மை' பற்றிய கேள்விக்கே பிட் அடித்தவனை எனக்குத் தெரியும். பக்கத்துப் பெஞ்சுதான்.

மதீனாவில் நபிகளாரின் பள்ளிவாசலில் சுஃப்பா என்றொரு திண்ணை இருந்தது. வீடு வாசல் இல்லாத தோழர்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். திண்ணைத் தோழர்கள் என்று நம் மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் சொல்வது அவர்களைத்தான். நபித்தோழர் அபூஹுரைரா அந்தத் திண்ணையில் பசியோடு கிடந்தவர். இந்தோனேசியாவில் பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்தை ஒட்டிய சல்மான் பள்ளிவாசலில் 1970களிலேயே மாணவர்களுக்குப் பயிற்சி நடந்தது. பிறகு அங்கே பல பல்கலைக்கழகங்களில், மூத்தவர் ஒருவர் சின்ன வட்டமாக இளையவர்களை உட்கார வைத்துப் பேசும் பழக்கம் பரவியது.

என் கதைக்கு வருகிறேன். காயல்பட்டினத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் படிக்க வந்தவன் நான். முதல் வருடம் இயற்பியல் ரெக்கார்டை அப்படியே பார்த்து எழுதினேன். இரவு இஷா தொழுகைக்கு, பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியான ஹவுளில் கை கால் முகம் கழுவி உளூச் செய்யும்போது பக்கத்தில் ஒரு மூன்றாம் வருடக் காக்கா. அண்ணனை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். "அந்த ரீடிங் நீ எடுத்ததா தம்பி?" என்றார். "இல்லை காக்கா." திட்டுவார் என்று காத்திருந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு லேபுக்கு வாரேன், ரெண்டு பேருமா எடுப்போம்" என்றார். அவருக்கு மறுநாள் தேர்வு. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பாடத்தாள் இப்படி லேபுக்குக் கூட வருமா?

பெண்களுக்கு இந்தத் திண்ணையில் இடம் எங்கே என்று தங்கை கேட்டாரே, அது நியாயமான கேள்வி. பல பள்ளிவாசல்களில் இல்லை. அது எங்கள் குறை, மழுப்ப மாட்டேன். ஆனால் அதற்குத் திண்ணையை அகலப்படுத்துவார்களா, இடிப்பார்களா?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். மறுநாள் ஊசலை ஆட்டி, அவர் ஸ்டாப்வாட்சைப் பிடிக்க, நான் எண்ணினேன். புவியீர்ப்பு முடுக்கம் வகுப்பில் எல்லோருக்கும் 9.8. எனக்கு 9.4 வந்தது. 9.4 என்றே எழுதினேன்.