ஜெயிக்கவைத்தவருக்கா, சபை முழுவதற்குமா?

நடுவர் அவர்களே, "திருச்சபைத் தலைவர் தம் அணிக்கா, சபை முழுவதற்குமா?" என்பது தலைப்பு. எதிரணி அண்ணன் ஒரே போடாகப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்: "ஓட்டுப் போட்டு ஜெயிக்கவைத்தவனை விட்டுவிட்டு எதிர்த்தவனுக்கும் உழைப்பது நன்றிகெட்டத்தனம் இல்லையா?" பலத்த கைதட்டல். கொடைக்கானல் குளிருக்குக் கைதட்டுவது நல்லதுதான்.

கோஷ்டி இல்லாத சபை ஏது என்றும் கேட்டார். வாஸ்தவம். பைபிள் காலத்துக் கொரிந்து சபையிலேயே நாலு இருந்தது. அப்போஸ்தலர் பவுல் தொடங்கிய சபை அது; பின்னால் அப்பொல்லோ அங்கே போதித்தார். "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று அடித்துக்கொண்டார்கள். பவுல் என்ன செய்தார்? தம் பெயரைச் சொல்லிக் கிளம்பியவர்களிடமே, "பவுலா உங்களுக்காகச் சிலுவையிலறையப்பட்டான்?" என்று கேட்டார்.

பவுல் இதைக் கேட்டது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், அதாவது கடிதத்தில். அதன் கடைசி அதிகாரத்தில், பிரசங்கத்துக்கு அதிகம் எடுக்காத ஒரு வசனம் உண்டு, பன்னிரண்டாவது. கொரிந்துக்குப் போகும்படி அப்பொல்லோவை மிகவும் வேண்டிக்கொண்டேன் என்கிறார் பவுல். யாரை? அடுத்த கோஷ்டி தலையில் தூக்கிவைத்து ஆடுகிற அதே ஆளை! அப்பொல்லோவோ இப்போது வர மனதில்லை என்றுவிட்டார். ஒருவர் எதிராளியைப் போகச் சொல்கிறார், இன்னொருவர் தமக்கு ஆதரவு இருக்கிற ஊருக்கே போக மறுக்கிறார். நம் கமிட்டி எலெக்‌ஷனில் இப்படி இரண்டு பேரைக் காட்டுங்கள், நான் மைக்கை வைத்துவிடுகிறேன்.

அது அந்தக் காலம் என்பீர்கள். சரி, நம் திருமண்டலத்துக்கே, அதாவது ஒரு பேராயரின் கீழ் இருக்கிற நம் சபைகளுக்கே வருவோம். 1947 செப்டம்பர் 27, சென்னையில் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை உருவானது. மதுரை-இராமநாதபுரத்துக்குப் பேராயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின், வயது 37. அவர் பேராயர்களே இல்லாத ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் சபையின் மிஷனரி. இங்கிருந்ததோ பெரும்பாலும் அமெரிக்கன் மதுரை மிஷன் வளர்த்த சபைகள். அதுவரை பேராயர் என்று ஒருவரை வைத்துப் பழகாதவை. 'எங்க ஆளு' என்று எந்தக் கூட்டம் அவரைத் தோளில் தூக்கியிருக்கும்? அணியே இல்லாதவர் சபை முழுவதற்கும்தானே பேராயர்?

நன்றி காட்ட வேண்டாம் என்று யார் சொன்னது? ஆராதனை முடிந்ததும் உங்கள் ஆட்களோடு நின்று டீ குடியுங்கள், தோளில் கை போடுங்கள். ஆனால் பூம்பாறையில், உங்களுக்கு எதிராக ஓட்டுப் போட்ட வீட்டில் ஒரு சாவு. கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு ராத்திரி பதினோரு மணிக்குச் சபைச் செயலர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். செயலர் சாவியை எடுப்பாரா, வாக்காளர் லிஸ்டை எடுப்பாரா? எதிரணி அண்ணன் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.