எட்டுப் பேர் சேர்ந்தால் 100 பாட்: கிராபி போய் வந்த கணக்கு

வணக்கம் மக்களே. போன வீடியோவில், நாங்கள் நாலு பேர் பாக்கேஜ் எடுக்காமல் தாய்லாந்தில் கிராபி போகிறோம் என்று சொன்னதும், கமெண்டில் பாதிப் பேர் "அந்தப் பக்கமெல்லாம் கையைக் கடிக்கும், பாக்கேஜ்தான் சரிப்படும்" என்று எழுதியிருந்தீர்கள். போய் வந்தாயிற்று, கையைக் கடிக்கவில்லை. முதலில் அந்தப் படகு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மூன்று நாளாக அதையேதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிராபியில் ரைலே என்றொரு கடற்கரை இருக்கிறது. அது தீவு இல்லை, நிலத்தோடு ஒட்டிய இடம்தான். ஆனால் பின்னால் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்பதால் சாலை கிடையாது, படகில்தான் போக வேண்டும். ஆவ் நாங் என்கிற பக்கத்துக் கடற்கரை ஊரில் படகு கவுன்டர், ஆளுக்கு 100 பாட். நாங்கள் மாற்றிய அன்று ஒரு பாட் 2 ரூபாய் 75 காசு, ஆக 275 ரூபாய். ஆனால் எட்டுப் பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். உடனே போக வேண்டுமென்றால் எட்டுப் பேர் காசையும், அதாவது 800 பாட்டையும், இருக்கிறவர்களே கொடுக்க வேண்டும். நாங்கள் நாலு பேர். எங்களில் ஒருவன் "விடு மச்சி, ஆளுக்கு 200 போட்டுப் போய்விடலாம்" என்றான். நான் விடவில்லை. மரத்தடியில் உட்கார்ந்தோம். ஒரு ஜெர்மன் ஜோடி வந்தது, ஆறு. அப்புறம் அரை மணி நேரம் ஒருவரும் வரவில்லை. வருகிறவர்கள் எல்லாம் தீவுச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்தவர்கள், கவுன்டரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கடைசியில் ஒரு அம்மாவும் பெண்ணும் பையோடு வருவதைப் பார்த்ததும் நானே எழுந்து ஓடி "ரைலே? ரைலே?" என்று கேட்டேன், ஆமாம் என்று தலையாட்டினார்கள். எட்டு! நாலு பேரும் கத்தியதில் கவுன்டர் அக்காவும் சிரித்துவிட்டார். ஐம்பது நிமிடம் காத்திருந்ததில் மிச்சம் 400 பாட், 1,100 ரூபாய். அதில்தான் நாலு பேரும் மதியம் சாப்பிட்டோம், மாம்பழம் வைத்த ஒட்டரிசிச் சோறும் சேர்த்து.

திரும்பி வரும்போதும் இதே கணக்குதான், ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் 150 ஆகிவிடும், அதற்குள் கிளம்பிவிடுங்கள். முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் படகு ஏற வேண்டும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். படகு நீளமான மரப்படகு. பின்னால் வண்டி எஞ்சின் ஒன்றை அப்படியே தூக்கி வைத்து, அதிலிருந்து நீளக் கம்பி போய்த் தண்ணீரில் விசிறி சுற்றுகிறது. சத்தம் காதைப் பிளக்கும். முன்னால் மூக்கில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று துணி சுற்றிப் பூமாலை போட்டிருக்கிறார்கள், படகைக் காக்கும் தெய்வத்துக்கு. நம் ஊரில் லாரிக்கு மாலை போடுவது போலவேதான் எனக்குத் தெரிந்தது, கிளம்பும்போது நானும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

ரைலேயில் எனக்குப் பிடித்தது பீச்சைவிட அந்த நடைபாதைதான். கிழக்குப் பக்கத்திலிருந்து ப்ரா நாங் குகைக்குப் பாறையை ஒட்டியே போகிறது, கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம் போட்ட குரங்குகள் மேலே உட்கார்ந்து இலை தின்றுகொண்டிருக்கும்.

தங்கியது ஆவ் நாங்கில் இல்லை. அந்த மெயின் ரோடு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, பத்தடிக்கு ஒரு டூர் கடை, ஒரு தையல் கடை. கிராபி டவுனில் ரூம் 600 பாட், இரண்டு ரூம். ஆவ் நாங் போக வர சொங்தேவ் என்கிற வெள்ளை ஷேர் வண்டி, ஆளுக்கு 60. டவுனில் ஒரு சிக்னலில் ஆதிமனிதன் சிலை கம்பத்தைப் பிடித்து நிற்கும், கட்டாயம் பாருங்கள். ராத்திரி ரோட்டியைச் சொல்ல மறந்துவிட்டேன். நம் வீச்சு பரோட்டாவேதான்! மாவை எண்ணெய்ப் பலகையில் தட்டி, இரண்டு கையாலும் வீசி வீசிக் கண்ணாடி போல ஆக்கி, உள்ளே வாழைப்பழம் வைத்து மடித்துச் சுட்டு, மேலே கன்டென்ஸ்டு மில்க் ஊற்றித் தருகிறார்கள். மூன்று நாளும் சாப்பிட்டேன். சைவக்காரர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தெரிகிற கடையைத் தேடுங்கள், அது சுத்த சைவம்.

வாட் தம் சூயா, புலிக்குகைக் கோயில், நுழைவுக் கட்டணமே கிடையாது. பழைய பதிவுகளில் 1,237 படி என்றிருக்கும், இப்போது 1,260. சில படி முழங்கால் உயரம். விடிவதற்கு முன் ஏறுங்கள், வெயில் ஏறினால் முடியாது, தண்ணீர் பாட்டிலைக் குரங்கு பிடுங்கும். மேலே பெரிய புத்தர், கீழே எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே பாறைகள், தூரத்தில் கடல். பேச்சே வரவில்லை.

ஐயோ, ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். தாய்லாந்து போக 2025 மே மாதத்திலிருந்து டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அரசு தளத்தில் அது இலவசம். எங்களில் ஒருவன் கூகுளில் முதலில் வந்த ஏதோ தளத்தில் காசு கட்டிவிட்டான். நீங்கள் கட்டாதீர்கள்.

கடைசி நாள் நாலு பேரும் பங்கு போட்டு ஒரு கார் எடுத்து க்லோங் தோம் போனோம். எல்லாரும் மரகதக் குளத்துக்கும் வெந்நீர் அருவிக்கும் போவார்கள், நாங்களும் போனோம். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அங்குள்ள கோயில் அருங்காட்சியகம். பக்கத்திலேயே குவான் லூக் பாட் என்ற பழைய துறைமுக இடம், பெயருக்கு மணி மேடு என்று பொருள். மண்ணைக் கிளறினால் கண்ணாடி மணி, சூதுபவளம், சூரிய முகம் போட்ட மணி என்று கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு கையடக்க உரைகல்லும் கிடைத்திருக்கிறது, பொன்னை உரசிப் பார்க்கும் கல். அதில் தமிழ் பிராமியில் "பெரும்பத்தன் கல்" என்று பொறித்திருக்கிறது, பத்தன் என்றால் பொற்கொல்லன். கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் கும்பகோணத்துப் பத்தர் வீட்டுப் பையன். காரிலேயே போனில் அந்தக் கல்லின் படத்தைக் காட்டினேன், இரண்டு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு வாசித்துக் காட்டினான். அவர் கேமராவைத் திருப்பி, கடை மேசையில் இருக்கும் தன் உரைகல்லை எடுத்துக் காட்டினார். அதே கறுப்பு, நடுவில் மஞ்சள் கோடுகள். "நல்லா பார்த்துட்டு வாப்பா, அங்கே போய்த் தொழில் பண்ணியிருக்கான்" என்றார்.